வண்டி வருது, அப்புறம் சொல்லு

மாம்பலத்தில் எங்கள் வீட்டின் பின்சுவரும் ரயில்வே சுவரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். நடுவில் ஒரு முருங்கை மரம் எப்படியோ நுழைந்து வளர்ந்ததே பெரிய விஷயம். தாம்பரம் போகிற மின்சார ரயில், கடற்கரைக்குத் திரும்புகிற மின்சார ரயில், தெற்கே எங்கள் ஊர்ப்பக்கம் போகிற நீள வண்டிகள், எப்போதாவது ஆடி அசைந்து வரும் சரக்கு வண்டி என்று எல்லாமே எங்கள் அடுப்படி ஜன்னலை உரசாத குறையாகத்தான் போயின. அப்பாவுக்கு ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை. கடைக்கு நடந்தே போய்விடலாம் என்று அந்த வீட்டை வாங்கினாராம். விற்றவர் சத்தத்தைப் பற்றி மூச்சே விடவில்லையாம். ரயில் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டைக் காட்டியிருக்கிறார், கெட்டிக்காரர்.

ஆகையால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வண்டி வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கத்திப் பிரயோசனமில்லை, தொண்டைதான் கெடும். எந்தச் சொல்லில் நிறுத்தினோமோ, வண்டி போனதும் அந்தச் சொல்லிலிருந்தே தொடர வேண்டும். நான் ஏதாவது மறந்துபோய்ப் பேசிக்கொண்டிருந்தால் அம்மா கையை நீட்டித் தடுப்பாள். "வண்டி வருது, அப்புறம் சொல்லு!" நான் பேசப் பழகிய காலத்திலேயே பேச்சை நிறுத்தவும் பழகிவிட்டேன்.

எங்களுக்குப் பழகிப்போனது, வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை என் கணக்கு டீச்சர் வீட்டுக்கே புகார் சொல்ல வந்துவிட்டார். உங்கள் பெண் வகுப்பில் வாயை மூடுவதே இல்லை என்று அவர் ஆரம்பித்ததும் தாம்பரம் வண்டி வந்தது. அம்மா "கா..." என்று டம்ளரை நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். அப்பா பாதி எழுந்த நிலையில் நின்றார். நான் கைகட்டி, வாய்பொத்தி நின்றேன். டீச்சர் மட்டும் கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு, எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தம் அடங்கியதும் அம்மா விட்ட இடத்திலிருந்து, "...பி சாப்பிடுங்க டீச்சர்" என்றாள். டீச்சர் அதைக் குடித்தாரோ இல்லையோ, அதன் பிறகு என்னை ஒரு வார்த்தை கண்டித்ததில்லை.

ஆனால் சட்டம் போட்ட அம்மாவே அதை மீறுவாள். வண்டி போகும்போது அவளுடைய உதடு அசைந்துகொண்டே இருக்கும். கந்தனையோ காந்திமதியையோ கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அது என்ன கும்பிடு என்று தெரியவில்லை. சாமி படம் இருக்கிற பக்கம் பார்க்காமல் அப்பா இருக்கிற பக்கம் பார்த்தே கும்பிடுவாள்.

அப்பாவிடமும் ஒரு விசித்திரம் உண்டு. வண்டி போய் முடிந்த மறுநொடி, யாரும் எதுவும் கேட்காமலே, "சரி சரி, வாங்கிட்டு வாரேன்" என்பார். அல்லது, "அதெல்லாம் முடியாது, சும்மா கெட" என்று எரிந்து விழுவார். பாவம், கடையில் நாளெல்லாம் நின்று பேசிப் பேசி மனுஷருக்குத் தன்னால் பேசுகிற பழக்கம் வந்துவிட்டது என்று நான் என் சிநேகிதிகளிடம் வருத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வீட்டில்தான் எங்கள் சித்தப்பா ராக் இசைக்குழு ஆரம்பித்தார்.

சித்தப்பா அப்பாவுக்கு ரொம்ப இளையவர். ஊரிலிருந்து படிக்க வந்து எங்களோடு இருந்தார். கல்லூரியில் என்ன படித்தார் என்று அவருக்கே சந்தேகம். மின்சார கிதார் ஒன்றை எங்கிருந்தோ பழசாக வாங்கி வந்து மொட்டை மாடியில் வைத்துக்கொண்டு கூட்டாளிகளோடு வாசிப்பார். கூட்டாளிகள் இரண்டு பேர். டிரம்ஸ் வாசித்தவர் மயிலாப்பூர்க்காரர். மிருதங்கம் முறையாகக் கற்றவர். "எங்காத்துல தெரிஞ்சா தோலை உரிச்சுடுவா" என்று சொல்லித் தன் டிரம்ஸ் முழுவதையும் எங்கள் மாடியிலேயே போட்டு வைத்திருந்தார். பேஸ் கிதார் வாசித்தவர் சைதாப்பேட்டை. வரும்போதே, "இன்னா மதினி, காபி கீதா?" என்று அடுப்படியில் எட்டிப் பார்ப்பார். அண்ணியை எங்கள் ஊரில் மதினி என்போம்; அந்தச் சொல்லைச் சித்தப்பாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு அதைத் தன் தமிழோடு கலந்து அடித்துவிட்டிருந்தார். அம்மாவுக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

மாடியில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு பாட்டு சூடு பிடிக்கும், வண்டி வந்துவிடும். நிறுத்துவார்கள். மறுபடி ஆரம்பித்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று. ஒருநாள் சித்தப்பாவுக்கு வெறுத்துப்போய், வண்டிக்கும் பாட்டில் ஓர் இடம் கொடுத்துவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் அந்த ரயில் பாட்டு. ஸ்டேஷனை விட்டு வண்டி கிளம்புவதுபோல மெதுவாகத் தொடங்கும். போகப் போக வேகம் ஏறும். நடுவில், ராகம் உச்சிக்குப் போகிற இடத்தில், பாதிச் சொல்லில், மொத்தக் குழுவும் டக்கென்று நின்றுவிடும். ஒரு மின்சார ரயில் எங்கள் வீட்டைத் தாண்டுகிற நேரம் அத்தனையும் சும்மா நிற்பார்கள். பிறகு விட்ட பாதிச் சொல்லிலிருந்து மூன்று பேரும் பாய்வார்கள். அதன் வரிகள் வேறு யாருடையவை? அம்மாவுடையவைதான்.

வண்டி வருது தள்ளி நில்லு
வாயில உள்ளத அப்புறம் சொல்லு

அந்த "அப்பு" என்ற இடத்தில் நிறுத்துவார்கள். வண்டி போகும். "றம் சொல்லு" என்று வெடிக்கும்போது முருங்கை மரத்துக் காக்கை எல்லாம் பறக்கும். மாடிப்படியில் உட்கார்ந்து கேட்கிற எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். அதைவிடப் பெரிய பாட்டு உலகத்தில் இல்லை என்று நான் நினைத்தேன். இப்போதும் ஏறக்குறைய அதேதான் நினைக்கிறேன்.

இந்த நேரத்தில் அப்பா பக்கத்துத் தெருவில் இரண்டாவது கடை ஒன்று எடுத்தார். யாருக்காக என்று சொல்ல வேண்டுமா? ஒருநாள் சாப்பாட்டின்போது விஷயத்தை எடுத்தார்.

"ஏல, ஆவணியில புதுக்கடை தெறக்கோம். நீதான் மொதலாளி. அந்த வீணையத் தூக்கிப் பரண்ல போடு."

கிதாரை அப்பா வீணை என்றுதான் சொல்வார். சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பெங்களூரில் பாட்டுப் பதிவுக்கூடம் நடத்துகிற ஒருவர் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வரச் சொல்கிறார் என்றும், போனால் அங்கேயே வேலையும் கற்றுக்கொள்ளலாம் என்றும் தட்டைப் பார்த்துச் சொன்னார். அப்போது கடற்கரை வண்டி வந்தது. அம்மா உதடு ஓயாமல் அசைந்தது. கந்தனுக்கு அன்று நீண்ட வழிபாடு. வண்டி போனதும் அப்பா யாருக்கோ பதில் சொல்வதுபோலத் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்.

"நந்தனத்துல பாட்டுப் போட்டி வருதுல்லா? மொதப் பரிசு வாங்கு, பெங்களூருக்குப் போ. வாங்கலியா, ஆவணியில கல்லாவுல உக்காரு. பேச்சு பேச்சுதான்."

அப்பா பேச்சு பேச்சுதான் என்றால் அதில் மறுபேச்சு கிடையாது. ரங்கநாதன் தெருவில் பாதி விலைக்குக் கேட்டு, முக்கால் விலைக்கு முடிக்கிற கடைகளுக்கு நடுவே எங்கள் கடையில் மட்டும் 'ஒரே விலை' என்று பலகை தொங்கும். பேரம் பேசுகிறவர்களிடம் அப்பா ஒன்றும் பேசமாட்டார். கையால் பலகையைக் காட்டுவார், அவ்வளவுதான். சொந்தக்காரர்களுக்கும் அந்தப் பலகைதான். பக்கத்துக் கடைக்காரர்கள் அவரையே 'ஒரே விலை அண்ணாச்சி' என்று கூப்பிடுவார்கள். ஆக, சித்தப்பாவின் பெங்களூர் முழுக்க அந்த ஒரு பரிசில் தொங்கியது.

போட்டி நந்தனத்தில் ஒரு மைதானத்தில் சாயங்காலமாக நடந்தது. அப்பா வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வந்தார். கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, வெள்ளை வேட்டி சட்டையோடு, கையிலே மஞ்சள் பையோடு, ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல முன்வரிசைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் நான், எனக்கு இந்தப் பக்கம் அம்மா. எல்லாம் மடக்கு இரும்பு நாற்காலிகள். சுற்றிலும் கல்லூரிப் பையன்கள், ஒரே விசில்.

சித்தப்பா குழு மேடையேறியது. பாட்டு மெதுவாகக் கிளம்பி வேகம் பிடித்தது. பின்னால் பையன்கள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். வாயில உள்ளத அப்பு...

நின்றது.

மாடியில் ஒத்திகை பார்த்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. நந்தனத்தில் ரயில் கிடையாது. மைதானம் பொட்டென்று அமைதியானது. எங்கள் வீட்டில் தடதடவென்று நிறைந்திருக்கும் அந்த இடத்தில் இங்கே வெறும் காற்றுதான் இருந்தது. பாட்டு முடிந்துவிட்டதென்று சிலர் கைதட்டினார்கள். அறிவிப்பாளர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடைக்கு வரவே ஆரம்பித்துவிட்டார். சித்தப்பா கையை நீட்டி அவரைத் தடுத்தார், அம்மா என்னைத் தடுக்கிற அதே மாதிரி.

"இன்னா மச்சி, கரண்ட் பூட்ச்சா?" என்று ஒருவன் பின்னாலிருந்து கத்தினான். ஒரே சிரிப்பு. மேடையில் மயிலாப்பூர் அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் மூன்று பேரும் அசையவில்லை. வண்டி போகாமல் எப்படிப் பாடுவது?

அந்தக் கூட்டத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தது நாங்கள் மூன்று பேர்தான். அப்பா, அம்மா, நான் மூவரும் வீட்டில் இருப்பதுபோலவே ஆடாமல் அசையாமல் இருந்தோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டிதானே வேண்டும்? என் கால் தன்னால் எழுந்தது. நாற்காலியின் இரும்புக் கம்பியில் குதிகாலால் அடித்தேன். தடக்-தடக். தடக்-தடக். எங்கள் அடுப்படி ஜன்னலில் கேட்கும் அதே தாளம். எப்போதும் இப்படிச் செய்தால் தொடையில் கிள்ளுகிற அம்மா அன்று கிள்ளவில்லை. அவளும் தரையில் காலைத் தட்டினாள். பின்வரிசைப் பையன்களுக்கு என்ன தோன்றியதோ, "டேய், ரயிலு!" என்று அவர்களும் நாற்காலியில் அடித்தார்கள். அது வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. கொஞ்ச நேரத்தில் மைதானமே தடதடத்தது. அப்படி ஒரு வண்டி மாம்பலத்தில்கூட வந்ததில்லை.

அந்தச் சத்தத்துக்குள் நான் மேடையைப் பார்த்தேன். சித்தப்பா நேராக எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. தாளம் எண்ணுகிறார் என்று நினைத்தேன். திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் உதடும் அசைந்தது. அப்பாவும் எண்ணுகிறாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"றம் சொல்லு" என்று மூன்று பேரும் பாய்ந்தபோது எழுந்த ஆரவாரத்தை நான் இன்றைக்கு வரை வேறெங்கும் கேட்டதில்லை. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அவர் முகம் நனைந்திருந்தது.

பரிசு கிடைக்கவில்லை. குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டார்களாம். சும்மா நின்ற நேரத்தையும் நடுவர்கள் பாட்டில் சேர்த்துவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் நான் விக்கி விக்கி அழுதேன். அப்பா எனக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்து, "ஏட்டி, எதுக்கு அழுத? பாட்டு ஜோரா இருந்துச்சுல்லா" என்றார். பந்தயத்தில் ஜெயித்த தெம்பில் பேசுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சுமிட்டாயைத் தின்றேன், ஆனால் அவரோடு பேசவில்லை.

காலையில் எழுந்தால் சித்தப்பாவைக் காணவில்லை. கிதாரும் இல்லை. பெங்களூருக்குப் போய்விட்டான் என்று அம்மா சொன்னாள். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிக்கவும் செய்தாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோற்றுவிட்டு, கொடுத்த வாக்கை மீறி, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டாரா? அதுவும் ஒரே விலை அண்ணாச்சியின் தம்பி? தெருவில் யாராவது கேட்டால் அப்பா, "சரக்கு எடுக்கப் போயிருக்கான்" என்று சொன்னார். குடும்ப மானத்தை எப்படிக் கட்டிக் காக்கிறார் என்று நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. ஆவணியில் புதுக்கடையைத் திறந்து, இரண்டு கடைக்கும் நடுவே அவரே ஓடினார். தீபாவளிக்குச் சித்தப்பா வந்து நின்றபோது ஒரு வார்த்தை கேட்காமல் தன் கையால் புது வேட்டி எடுத்துக் கொடுத்தார். அப்பாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று வியந்தேன். சித்தப்பாவிடம் மட்டும் கொஞ்சம் முறைப்பாகவே இருந்தேன்.

பாட்டு பெங்களூரில் பதிவாகி கேசட்டாக வந்தது. நடுவில் உள்ள இடைவெளியைச் சித்தப்பா அப்படியே வெறுமையாக விட்டுவிட்டார். கேசட் முடிந்துவிட்டதென்று பாதிப் பேர் எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் அந்த இடத்தில் மேஜையில் தட்டக் கற்றுக்கொண்டார்கள். அது விடுதி அறைகளுக்குப் போயிற்று, அங்கிருந்து கல்லூரி விழாக்களுக்கு. அந்த நந்தனம் பையன்களின் பிள்ளைகள் வயதில் இருப்பவர்கள் இன்றைக்கும் மேடையில் அதைப் பாடுகிறார்கள், இடைவெளி வந்ததும் கூட்டம் தானாகவே காலைத் தட்டுகிறது. மின்சார ரயிலில் கதவோரம் நிற்கிற பையன்கள் பெட்டிச் சுவரில் அடித்துப் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். அங்கே இடைவெளியே தேவையில்லை, ஆனாலும் விடுகிறார்கள். என் மகளுடைய பள்ளி ஆண்டுவிழாவில்கூட வந்தது. யார் எழுதியதென்று அவளுக்குத் தெரியவில்லை. நான் விடுவேனா? முதலில் காலைத் தட்டியது யார் என்பது உட்பட முழுக் கதையையும் சொன்னேன். நான் தட்டியிருக்காவிட்டால் அந்தப் பாட்டு நந்தனத்திலேயே செத்திருக்கும் என்று முடித்தேன். இந்தக் கதையை எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள்.

மாம்பலம் வீடு இப்போது ஏதோ கடையின் சரக்குக் கிட்டங்கி. அப்பாவும் அம்மாவும் நங்கநல்லூருக்கு வந்துவிட்டார்கள். தலைக்கு மேலே விமானம் தாழப் பறக்கும். சத்தத்தை விட்டுத் தப்பினோம் என்று வந்தவர்கள் மறுபடி அதிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தால் வருத்தப்படுகிறவர்களாகத் தெரியாது.

போன பொங்கலுக்கு எல்லோரும் அங்கே இருந்தோம். சித்தப்பாவும் வந்திருந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. பெங்களூரில் சொந்தமாகச் சின்னதாய் ஒரு பதிவுக்கூடம் வைத்திருக்கிறார். இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விமானம் ஒன்று வந்தது. எல்லோரும் வாயை மூடினோம். அப்பாவின் உதடு அசைந்தது. சித்தப்பா அவரைப் பார்த்துச் சிரித்து, அவரும் உதட்டை அசைத்தார். விமானம் போனது.

"ஆச்சி, தாத்தா என்ன சொன்னாங்க?" என்று என் மகள் கேட்டாள்.

அம்மா பரிமாறிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "'ஏல, ஒன் மதினி அங்கிட்டுத் திரும்பையில எனக்கு ஒரு கரண்டி சக்கரப் பொங்கல் தள்ளிவிடு'ன்னு சொல்லுதாக. சுகருக்கு மாத்திரையும் திங்கணும், பொங்கலும் திங்கணும். எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

அப்பா அசடு வழிந்தார். எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"இது என்ன கேள்வி? ரயிலுக்குப் பக்கத்துல குடும்பம் நடத்தினவளுக்கு ஒதட்டப் பாத்தா பேச்சு தெரியாதா? ஒன் சித்தப்பன் இருக்கையில வாய்விட்டுச் சொல்ல முடியாததை எல்லாம் வண்டி போகையிலதான உங்க அப்பாகிட்டச் சொல்லுவேன். 'புள்ளைய விட்டுருங்க, போட்டும்'னு எத்தன வண்டிக்குச் சொன்னேன் தெரியுமா!"

கந்தன் கும்பிடு! என் கண்முன்னே அந்த அடுப்படி ஜன்னல், அம்மாவின் உதடு, வண்டி போனதும் எரிந்து விழும் அப்பா எல்லாம் வந்தன. பிறகு அந்த மைதானம் வந்தது.

"அப்போ நந்தனத்துல?" என்றேன்.

பதில் சித்தப்பாவிடமிருந்து வந்தது. "'அண்ணே, தோத்துட்டேன், கடைக்கு வந்திருதேன்'னு சொன்னேன். அதுக்கு அண்ணன், 'ஏல, கடைய நான் பாத்துக்கிடுதேன், நீ போ'ன்னாக."

அப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவருடைய ஒரே விலை என்னாவது?

"பொட்டுச் சத்தம் இல்லாம கெடந்த எடத்துல இவுக வாயத் தொறந்திருப்பாகளா?" என்று அம்மா என்னைப் பார்த்தாள். "நல்லவேளை, நீ காலத் தட்டின."

இத்தனை வருடமாக நான் ஒரு பாட்டைக் காப்பாற்றிய கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ள ஒரு வண்டியை ஓட்டிக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவே இல்லை. வண்டி வந்தால் வாயை மூட வேண்டும் என்ற சட்டத்தை அந்த வீட்டில் நம்பியது நான் ஒருத்திதான்.